யோகலட்சுமி கப்பு வாங்கிய அமாவாசை

அம்மையார்குப்பத்தில் யோகலட்சுமியோடு யாரும் பந்தயம் கட்டுவதில்லை. தோற்றால் அவள் விடமாட்டாள் என்பது ஒரு காரணம். ஜெயித்தால் அதைவிட விடமாட்டாள் என்பது இன்னொரு காரணம். கல்யாணமான புதிதில் கணவன் பரந்தாமனோடு தாயம் ஆடி வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றவள், நாலாவதில் ஜெயிக்கிற வரைக்கும் அந்த மனிதரைச் சாப்பிட எழுந்திருக்க விடவில்லை. இதை அவரேதான் ஊருக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, பெருமைதான் தெரிந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிப்பட்டில் பிறந்து, பத்தாவது வரைக்கும் படித்து, இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. நூல் சுற்றுவது, பாவு பிணைப்பது, மோட்டார் மக்கர் பண்ணினால் பார்ப்பது எல்லாம் பரந்தாமன் வேலை. தறி நாலையும் ஓட்டுவது அவள் ஒருத்திதான். எந்தத் தறியையும் அவள் உற்றுப் பார்த்து யாரும் பார்த்ததில்லை. நாலுக்கும் நடுவில் நிற்பாள். எந்தத் தறியில் ஊடை நூல் தீரப் போகிறதோ அந்தப் பக்கம் அவள் கால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். "அறுந்தப்புறம் பாக்கறதுன்னா ரெண்டு தறிதான் ஓட்டலாம்" என்பாள். அந்தத் தெருவில் பலபேர் இரண்டு தறிதான் ஓட்டுகிறார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் இதைச் சொல்வாள்.

இப்படிப்பட்டவள் கால்பந்து ஆட வந்தது ஒரு சண்டையில்.

அந்தப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு அமாவாசைதான் லீவு. மாதம் பூராவும் கடகடவென்று கிடக்கிற தெரு அன்றைக்கு ஒரு நாள் வாய் மூடும். நாலு வருஷத்துக்கு முன்பு அப்படி ஓர் அமாவாசையில் யோகலட்சுமி தன் கொழுந்தன் திலீப்போடு திருத்தணி மலைக்குப் போனாள். திலீப்புக்கு முப்பது வயது, கல்யாணமானவன், வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். சாமி பார்த்துவிட்டுக் கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தான். பிறகு ஆளைக் காணோம். ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் அடித்து, பஸ் கிளம்பியும் போய்விட்டது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் வேதாசலத்தின் கேம் கடையில் அவன் இருக்கிறான் என்று யாரோ கை காட்டினார்கள். பிரசாதப் பையைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள். படியேறிய வேகத்தைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இன்னா திலீபு, பஸ்ஸு வுட்டுட்டு இங்க இன்னா பண்ணிகினு கீற?"

"ரெண்டே நிமிஷம் அண்ணி. தோத்துகினு கீறேன். முடிஞ்சிடும்" என்றான் அவன்.

பதில் நேர்மையாக இருந்ததால் அவளுக்கு மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை. நின்று பார்த்தாள். பெரிய டிவியில், நாலு பக்கமும் சுவர் வைத்த ஒரு சந்தில், பக்கத்துக்கு மூன்று பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிஷம் பார்த்தாள். அதற்குமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "அவன் எதுக்கு அந்த மூலையில நிக்கிறான்? பந்து இங்கதான வரப்போவுது, இங்க வரச் சொல்லு" என்றாள். கடுப்பில் இருந்த திலீப் கையில் இருந்த ரிமோட்டை அவளிடம் நீட்டி, "நீங்களே சொல்லுங்க" என்றான். அவள் உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தன் பக்கத்துக் கோலிலேயே ஒன்றைப் போட்டாள். கடையே சிரித்தது. அன்றைக்கு அவர்கள் இன்னும் இரண்டு பஸ்ஸை விட்டார்கள்.

அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம், கஷ்டமில்லை. அது தெருவில் ஆடுகிற கால்பந்து. நடுவர் கிடையாது, விசில் கிடையாது. ஒருத்தனை ஒருத்தன் தள்ளிவிட்டாலும் கேட்பாரில்லை. பந்து வெளியே போவது என்பதே இல்லை, சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிடும். யார் முதலில் ஐந்து கோல் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். நடுவில் வித்தை காட்டலாம். பந்தைத் தலைமேல் நிறுத்துவது, எதிராளியின் காலிடுக்கில் தட்டிவிடுவது என்று எதையாவது செய்தால், திரையின் கீழே ஒரு மஞ்சள் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கோடு நிறைந்துவிட்டால் பந்து தீப்பிடிக்கும். அந்த உதையை வலை காக்கிற எந்தக் கோலியாலும் தடுக்க முடியாது, கோலியும் பந்தோடு சேர்ந்து வலைக்குள் போய் விழுவான். கடையில் அதற்குத் தீ உதை என்று பெயர். ஆனால் தீ உதை உதைக்க ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நொடியில் பந்தைப் பிடுங்கிவிட்டால் கோடு மொத்தமும் காலி.

யோகலட்சுமிக்கு நிஜக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பது இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை. தன் ஆட்கள் மூவருக்கும் அவளே பெயர் வைத்துக்கொண்டாள். நெட்டையாக, தலையில் மயிரில்லாமல் இருக்கிறவன் மொட்டை. பின்னிப் பின்னி முடி போட்டிருக்கிறவன் ஜடைக்காரன். கோலி, வாட்ச்மேன். காலேஜ் பையன்கள் இங்கிலீஷில் ஏதேதோ பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஒரு வருஷத்தில் எல்லாரும் மொட்டை, ஜடைக்காரன் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குள் அவர்கள் எல்லாரும் அவளிடம் தோற்றும் முடித்திருந்தார்கள். அவள் பந்தைப் பார்த்து ஆடுவதில்லை. பந்து அடுத்தது எங்கே வரப்போகிறதோ அங்கே ஆளை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். நாலு தறி ஓட்டுகிறவளுக்கு மூன்று ஆள் ஒரு கணக்கா?

அவளை ஜெயித்தவர் ஒரே ஒருத்தர். ஆந்திரா பக்கத்து நகரியில் இருந்து வருகிற சடகோபன். அவரும் விசைத்தறிக்காரர்தான். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிற மனிதர். பெரிய மீசை, மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஆடுவார். அவர்கள் ஊரிலும் அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதால் அன்றைக்கு அரை மணி நேரம் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்துவிடுவார். இந்த வருஷம் தை அமாவாசையன்று இருவரும் முதல் முறையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐந்துக்கு இரண்டு என்று யோகலட்சுமி தோற்றாள்.

அவர் தன் ஆளுக்குப் பந்தைக் கொடுக்கவே இல்லை. சுவருக்குக் கொடுத்தார். சுவர் அவருடைய இன்னொரு ஆளுக்குக் கொடுத்தது. அவள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சடகோபன் கைகூப்பி, "பாகுந்தி, நல்லா ஆடனம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் ஜெயித்தவன் வாயில் இருந்து வருகிற பாராட்டு எப்படி இருக்கும் என்பது தோற்றவர்களுக்குத் தெரியும். திரும்புகிற பஸ்ஸில் அவள் டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். திலீப் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் கடையில் ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்தாள். ஷெட்டின் பின் சுவரில் அதை எறிந்து எறிந்து, எந்தச் சாய்வில் போனால் எந்தச் சாய்வில் திரும்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து தினமும் கால் மணி நேரம். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பரந்தாமனைத் தனியாகக் கூப்பிட்டு, "யோகுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தாள்.

மாசியில் சடகோபன் வரவில்லை. பங்குனி, சித்திரையிலும் வரவில்லை, மகள் கல்யாண வேலை என்று கேள்விப்பட்டாள். வைகாசியிலும் ஆளைக் காணோம். ஆனி பிறந்ததும் வேதாசலம் போன் பண்ணினான். கடையில் டோர்னமெண்ட் வைக்கிறானாம், கப்பு உண்டாம். எல்லாரும் ஆடி, அதில் ஜெயித்து வருகிறவர் கடைசியில் சடகோபனோடு மோத வேண்டுமாம்.

"அக்கா, இன்னொன்னு. அவரு வர்ற வியாழக்கெழம சூரத்துக்குப் போறாரு. அங்க தறி பட்டறையில மேஸ்திரி வேல. இனிமே இந்தப் பக்கம் வர்றது சந்தேகம்தான். இந்த அமாவாசை வுட்டா அப்பறம் அவர எங்க போய்ப் புடிப்பீங்க?"

ஐந்து மாதம் சுவரில் பந்து எறிந்தவளுக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "இந்த அமாவாசைக்கு அந்த நகரிக்காரர ஜெயிச்சிட்டுத்தான் ஊருக்குள்ள வருவேன்." வாயை அடக்கி வைக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

கடைச் சுவரில் வேதாசலம் ஒட்டின நோட்டீசில் "வருகிற அமாவாசை, காலை பத்து மணி" என்று மட்டும் இருந்தது. தேதி போடவில்லை. அந்த வட்டாரத்தில் யாரும் போடமாட்டார்கள். அமாவாசைக்குத் தேதி போடுவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தேதி போடுவது மாதிரி. சடகோபனுக்கும் போனில் அதையேதான் சொன்னான்.

திங்கட்கிழமை அமாவாசை. யோகலட்சுமி ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தாள். எதிரே வந்த மூன்று பேரையும் வரிசையாக வழியனுப்பினாள். ஒருத்தனுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வேதாசலம் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். ஒன்பது தடவை போட்டான். ஒன்பது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது.

"பயந்துட்டாரு அக்கா" என்றான் ஒரு காலேஜ் பையன்.

அதை நம்பிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பாதி நம்பவும் செய்தாள். ஒரு மணிக்கு வேதாசலம் வேறு வழியில்லாமல் கப்பை எடுத்து அவள் கையில் கொடுத்து போட்டோ எடுத்தான். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ மாதிரி அதில் அவள் முகம் இருக்கிறது.

கப்பை வயர் கூடைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பெரிய தெருவை விட்டுப் பின்சந்து வழியாக வீட்டுக்கு வந்தாள். நூல் பெட்டிகளுக்குப் பின்னால் அதை வைத்தாள். பரந்தாமன் பார்த்துவிட்டார்.

"ஜெயிச்சிட்டியா?"

"கப்பு வந்துச்சி பாவா" என்றாள்.

அவருக்குப் புரிந்தது. கெங்கம்மாளுக்குத்தான் புரியவில்லை. வாசலில் வந்து நின்று விஷயத்தைக் கறந்துவிட்டு, "வர்லன்னா ஜெயிச்ச மாதிரிதான்டி. இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பொம்பளையிடம் என்ன சொல்வது? அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஜெயித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஜெயிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தெரு மறுபடியும் கடகடத்தது. பத்து மணி வாக்கில் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்து எடுத்தாள். வேதாசலம்.

"அக்கா, ஒரு கூத்து. சடகோபன் வந்து உக்காந்துகினு கீறாரு. அவருக்கு இன்னிக்கித்தான் அமாவாசையாம். காலண்டர் தாளக் கிழிச்சி எடுத்துகினு வந்து காட்றாரு. நேத்தே முடிஞ்சி போச்சி, கப்பு குடுத்தாச்சின்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, நான் பேசி அனுப்பிடறேன். தகவலுக்குத்தான் சொன்னேன்."

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அமாவாசை நேற்று மத்தியானம் பிறந்து, இன்றைக்குக் காலைவரைக்கும் இருந்தது. அமாவாசை பிறந்த நாள் என்று தமிழ்க் காலண்டரில் திங்கட்கிழமை போட்டிருந்தார்கள். சூரியன் உதிக்கிறபோது என்ன திதியோ அதுதான் அந்த நாளின் திதி என்று தெலுங்குக் காலண்டரில் செவ்வாய்க்கிழமை போட்டிருந்தார்கள். எப்போதாவது இப்படி ஆகும். நேற்று அந்த மனிதருக்கு வேலை நாள். போன் அடித்து அடித்து ஓய்ந்ததே, தறி ஓடுகிற ஷெட்டுக்குள் போன் மணி யாருக்குக் கேட்கும்? உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அமாவாசையன்று தறி ஓடாது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டாள். ஒரு தறிக்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று பாதி நம்பிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவர அனுப்பாத. டீ வாங்கிக் குடு. வந்துகினு கீறேன்" என்றாள்.

"அக்கா, கப்பு உங்ககிட்டதான கீது. தோத்துட்டீங்கன்னா?"

"அதான் வர்றேன்னு சொல்றேன்ல."

பரந்தாமனிடம் சொன்னாள். அவர் ஓடுகிற நாலு தறியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அறுத்துக் கொடுக்க வேண்டிய சேலை இரண்டு தறியில் கிடந்தது. அவருக்கு இரண்டு தறிக்கு மேல் ஓட்ட வராது.

"கப்பு வூட்ல கீது. இப்ப நீ போய் ஆடி, தோத்தா அதயும் குடுத்துட்டு வரணும். ஜெயிச்சா இருக்கற கப்புதான். இதுல உனக்கு இன்னா லாபம்?" என்று கேட்டார்.

"அவரு நாளானிக்கி சூரத்து போயிடுவாரு பாவா. அப்பறம் சாவற வரைக்கும் ஜெயிச்ச மாதிரியே இருப்பேன். என்னால முடியாது."

பரந்தாமன் இரண்டு தறியின் மோட்டாரை நிறுத்தினார். "நீ இங்க இருந்தாலும் இன்னிக்கி நாலு தறியும் உருப்படாது. போய்ட்டு வா" என்றார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது இது.

கூடையில் கப்பை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, "கப்பா யோகு? எங்க எடுத்துகினு போற?" என்று கேட்டார்கள். "திருப்பிக் குடுக்க" என்றாள். பயம் இல்லாமல் இல்லை. தோற்றால் காலிக் கூடையோடு இதே பஸ்ஸில் திரும்ப வேண்டும், ஊரெல்லாம் கேட்கும். ஆனால் நேற்று கப்போடு திரும்பும்போது இருந்த கனம் இப்போது நெஞ்சில் இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாடியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சடகோபன் நாற்காலியில் சம்மணமிட்டு, காலண்டர் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"நீ காலைல பத்து மணிக்கி ஆட்டம் ஆரம்பிச்ச. அமாவாசை பொறந்ததே மத்தியானம்தான் நைனா. நீ ஆடனது சதுர்த்தசியில. சதுர்த்தசியில யாராவது டோர்னமெண்டு வெப்பாங்களா?"

கேம் கடை நடத்த பஞ்சாங்கம் படிக்க வேண்டியிருக்கும் என்று வேதாசலம் நினைத்துப் பார்த்ததில்லை. யோகலட்சுமியைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அவள் கப்பை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நேத்து போன் பண்ணப்ப உங்க தறி ஓடிகினு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆறு தறி. ஒண்ணும் கேக்கலம்மா."

"நீங்க பயந்துட்டீங்கன்னு இங்க சொன்னாங்க. நானும் கொஞ்சம் நம்பிட்டேன். தப்புதான்."

சடகோபன் மீசைக்குள் சிரித்தார். "கப்பு உங்கிட்டயே இருக்கட்டும். நான் ஆடத்தான் வந்தேன். பஸ் ஏறி வந்துட்டு ஆடாத போனா மனசு கேக்காது."

"கப்பு அங்கயே இருக்கட்டும்ங்க. ஆடி முடிச்சிட்டு யாரு எடுத்துகினு போறதுன்னு பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

வேலை நாளாகையால் கடையில் கூட்டமில்லை. வேதாசலம், டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் நின்ற டீக்கடைக்காரர், படியில் நின்று எட்டிப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரர், இவ்வளவு பேர்தான் பார்த்தது.

முதல் இரண்டு கோலும் சடகோபன் போட்டார். அதே சுவர், அதே வேலை. அவள் ஆள் எதிரே போய் நிற்பதற்குள் பந்து சுவரைத் தொட்டு அந்தப் பக்கம் போயிருந்தது. வேதாசலம் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் பதறவில்லை. சுவரில் படுகிற சாய்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சுவரில் ஐந்து மாதம் எறிந்த பந்து இதே மாதிரிதான் திரும்பும். மூன்றாம் தடவை அவர் பந்தைச் சுவருக்குக் கொடுத்தபோது, அது திரும்பி வரும் இடத்தில் ஜடைக்காரன் முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தான். அவன் காலில் பந்து தானாக வந்து விழுந்தது. ஒன்று. அடுத்த நிமிஷமே அதே இடத்தில் இன்னொன்று. சடகோபன் சம்மணத்தைப் பிரித்துக் காலைக் கீழே வைத்தார். அந்தக் கடையில் அவர் கால் தரையில் பட்டு யாரும் பார்த்ததில்லை.

பிறகு ஆட்டம் கயிறு இழுக்கிற மாதிரி ஆனது. மூன்றுக்கு இரண்டு அவர், மூன்றுக்கு மூன்று இவள். நாலாவது கோலை அவர் தீ உதையில் போட்டார். வாட்ச்மேன் பந்தோடு வலையில் போய் விழுந்தான். பதிலுக்கு, பிடுங்கிய பந்தை மொட்டை தூரத்திலிருந்தே உள்ளே தட்டினான். நாலுக்கு நாலு. அடுத்த கோல் யார் போட்டாலும் முடிந்தது.

அவளுடைய மஞ்சள் கோடு நிறைந்திருந்தது. பந்து ஜடைக்காரன் காலில் இருந்தது, தீப்பிடிக்கத் தயாராக. "உதைங்கக்கா" என்று வேதாசலம் முனகினான். சடகோபனுக்கும் அது தெரியும். அவருடைய மூன்று ஆட்களும் ஜடைக்காரனைச் சுற்றி வந்துவிட்டார்கள், கோலி உட்பட. உதைக்க அவன் ஒரு நொடி நிற்க வேண்டும். நின்றால் பிடுங்கிவிடுவார்கள்.

அவள் அவனை நிற்க வைத்தாள். அவர்கள் மூவரும் பாய்ந்தார்கள். பாய்கிற அந்த நேரத்தில், தீயும் இல்லாமல் வித்தையும் இல்லாமல், பந்தைப் பக்கத்துச் சுவரில் மெல்லத் தட்டினாள். அது சாய்வாகத் திரும்பி, யாருமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்த மொட்டையின் காலுக்கு வந்தது. கோல் திறந்து கிடந்தது. மொட்டை அதை உருட்டிவிட்டான். ஓட்டமில்லாமல், அவசரமில்லாமல் பந்து உருண்டு போய்க் கோட்டைத் தாண்டியது.

சடகோபன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோட ஆட்டம்மா" என்றார்.

"ஆமாங்க. தை அமாவாசைல உங்ககிட்ட கத்துகினேன். அஞ்சு மாசம் ஆச்சி கைல வர்றதுக்கு."

அவர் எழுந்து நின்று கப்பை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். வேதாசலம் போட்டோ எடுக்கப் போனை நீட்டினான். இந்தத் தடவை எடுத்த படத்தில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், பக்கத்தில் தோற்ற மனிதர் அவளைவிட அதிகமாகச் சிரிக்கிறார். சூரத்தில் இந்த விளையாட்டு கிடைக்குமா என்று அவர் வேதாசலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். அங்கே இரண்டு தறி நின்றுகொண்டிருக்கிறது.

ஊரில் இறங்கும்போது மணி மூன்று. காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய தெரு நடுவில் நடந்தாள். பாராட்ட ஒருத்தரும் இல்லை. வேலை நாள். வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது, கூப்பிட்டால்கூட யாருக்கும் கேட்காது. அதனால் அவள் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் போய் நின்றாள். உள்ளே இருக்கிறவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நின்றாள். பார்த்ததும் கப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போனாள். இப்படிப் பதினோரு ஷெட்டு.

கடைசியாகக் கெங்கம்மாள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று மோட்டாரை நிறுத்தினாள்.

"இன்னாடி இது? நேத்து எடுத்துகினு வந்தியே, அதே கப்புதான?"

"நகரிக்காரர ஜெயிச்சிட்டேன். அஞ்சுக்கு நாலு."

கெங்கம்மாள் குழம்பிப்போனாள். "ஆட்டம் அமாவாசை அன்னிக்கின்னு சொன்ன. அது நேத்தே போயிடுச்சேடி."

"நேத்து சதுர்த்தசி. இன்னிக்கித்தான் அமாவாசை" என்றாள் யோகலட்சுமி.

கெங்கம்மாள் வாயைத் திறந்து எதையோ கேட்கப் போனாள். அதற்குள் அவள் தெருவைக் கடந்து தன் ஷெட்டுக்குள் போய், நின்றுகொண்டிருந்த இரண்டு தறியையும் போட்டுவிட்டாள்.